இரண்டு போன்களுக்கு நடுவில் கலாதேவி

இடது காதில் கைப்பேசி, வலது காதில் மேசைப் போன். செவ்வாய்க்கிழமை மூன்று மணி அடித்தால் கலாதேவியின் இரண்டு கைகளும் இப்படி மேலே போய்விடும். இடது பக்கம் சித்தியவானில் உணவகம் வைத்திருக்கும் அமீர். வலது பக்கம் கோலா கங்சாரில் மசாலை மில் நடத்தும் கார்த்திகேசு.

"அந்த ஆள் அனுப்புனது மிளகாத்தூளா, செங்கல் தூளா? கேளு!" என்கிறது இடது காது.

கலாதேவி கண்ணை ஒருமுறை மூடித் திறக்கிறார். வலது போனில் சொல்கிறார்: "அண்ணே, மிளகாத்தூள் இந்தத் தடவ நெறம் கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு அமீரண்ணே சொல்றாரு."

அதற்குக் கார்த்திகேசு சொன்ன பதிலைப் பத்திரிகையில் போட முடியாது. அமீருக்கு அது, "பாக்குறேன்னு சொல்லிட்டாருண்ணே" என்று போய்ச் சேர்ந்தது.

ஈப்போவில் பழைய கடைவீட்டு மாடி ஒன்றில் இருக்கிறது இந்த அலுவலகம். பேராக் மாநிலத்தில் அங்கங்கே சிதறிக்கிடக்கும் முப்பத்தெட்டுத் தமிழ்க் கடைகள் சேர்ந்து நடத்தும் வணிகர் வலையம். அதன் ஒரே ஊழியர் கலாதேவி. வயது ஐம்பத்தொன்று. கொண்டையில் எப்போதும் இரண்டு பேனா செருகியிருக்கும். எழுதுவதற்கு மூன்றாவதைத் தேடுவார். கடைக்காரர்களின் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் முடிந்ததும் இரண்டு காது மடலிலும் கோடாலித் தைலம் தடவிக்கொள்வார். சொன்னதைச் சொல்லாமல் வேறு மாதிரிச் சொல்லும்போது மட்டும், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மேசைமேல் இருக்கும் காலண்டரை நேராக்குவார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருக்கும்.

மற்றக் கடைக்காரர்கள் கணினியில் முகம் காட்டுவார்கள். சிலர் ஒரு செயலியில், சிலர் இன்னொன்றில், வயதானவர்கள் சாதாரணப் போனில். ஒரு செயலிக்காரர் பேசுவது அடுத்த செயலிக்காரருக்குக் கேட்காது. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது கலாதேவியின் தொண்டை ஒன்றுதான்.

அமீரும் கார்த்திகேசுவும் ஐந்து வருடமாக நேரில் பேசுவதில்லை. அமீர் தன் மகள் ஆஃப்ஷீனின் திருமண அழைப்பைக் கையில் கொண்டுவந்து கொடுக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அது கோவிட் காலம். மாவட்டம் தாண்டப் போலீஸ் விடாது. திருமணத்துக்கும் இருபது பேருக்கு மேல் கூடாது. ஆகவே கார்த்திகேசு நினைத்திருந்தாலும் போயிருக்க முடியாது. இருந்தும் அழைத்த முறை சரியில்லை என்று இவருக்குக் கோபம். வரவில்லையே என்று அவருக்குக் கோபம். அமீர் கடை மீன்கறிக்குக் கார்த்திகேசு மில் மசாலையைத் தவிர வேறு எதுவும் ஒத்துவராது. கார்த்திகேசு மில்லுக்கு அமீரை விட்டால் அவ்வளவு பெரிய வாடிக்கை கிடையாது. கோபம் இருவருக்கும், பேச்சு கலாதேவிக்கு.

பத்திரிகைக்கு எழுதுவதற்காக நான் போன முதல் செவ்வாய்க்கிழமையே ஒரு யோசனை சொன்னேன். இரண்டு போனையும் தலைகீழாக ஒன்றோடொன்று ஒட்டிவைத்துவிட்டால் அவர்களே பேசிக்கொள்வார்களே?

"ஐயோ, வேணாம்லா!" என்று பதறிவிட்டார். "அப்புறம் ரெண்டு கடையும் சாத்திரும்."

இந்த நிலையில்தான் வலையத்தின் தலைவர் தர்மேந்திரனுக்கு நவீனமாக வேண்டும் என்று தோன்றியது. எந்தச் செயலியில் இருந்தாலும், வெறும் போனில் கூப்பிட்டாலும், எல்லாரையும் ஒரே காணொளிக் கூட்டத்தில் கோத்துவிடும் இணைப்புத் தளங்கள் வந்திருக்கின்றன. மூன்று கம்பெனிகள் வண்ணப் புத்தகங்களோடு படியேறி வந்தன. தலைவர் அவற்றைக் கலாதேவி மேசையில் வைத்தார்.

"கலா, மூணையும் நீயே டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் கொடுத்துரு. நல்ல சிஸ்டமா வந்துட்டா டிசம்பரோட ஆபீஸை மூடிறலாம். நீயும் வீட்டுல ரெஸ்ட் எடுக்கலாம்லா."

பதினொரு வருட வேலை. ஓய்வு வேண்டுமென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தன் வேலையைக் காலி செய்யப்போகும் இயந்திரம் எது என்று தானே தேர்வு செய்து, தானே கையெழுத்துப் போட வேண்டும். "சரிண்ணே" என்றார். எனக்குத்தான் கோபமாக வந்தது. மூன்றுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டுவிடுங்களேன் என்றேன்.

"அது எப்படிலா? பொய் எழுதச் சொல்றீங்களா?"

அன்று மதியம் மட்டும் பதினான்கு முறை காலண்டரை நேராக்கிய பெண்மணி இதைக் கேட்டார், சிரிக்காமல்.

"அப்ப போன்ல சொல்றதெல்லாம்?"

"அது பொய் இல்லலா. அது மீட்டிங்."

கலாதேவி சுங்காய் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவது போலத்தான் கூட்டத்திலும் கூப்பிடுவார்; தளங்களையும் அப்படியே சோதித்தார். பெயர் கூப்பிட வேண்டும், பதில் வர வேண்டும். கடைசிப் பெயர் சுங்காய் பத்துமலை. உரக்கடைக்காரர். கடையைச் சுற்றிச் செம்பனை மரங்கள். லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்துமலை குரல் வந்தால் பாஸ், வராவிட்டால் ஃபெயில்.

முதல் தளத்தில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் வெறும் போனில் கூப்பிட்டவர்கள் வெளியிலேயே நின்றார்கள். இரண்டாவதில் எல்லாரும் உள்ளே வந்தார்கள். பத்துமலை மட்டும் தண்ணீருக்குள் கொப்பளிப்பது போலக் கேட்டார். "சாரை வேறு இடத்திலிருந்து பேசச் சொல்லுங்கள்" என்றான் விற்பனைக்காரன். "அவரு நகருவாரு, கடை நகராதுலா" என்று அவனைக் கலாதேவி அனுப்பிவைத்தார்.

மூன்றாவதில் பத்துமலை "இருக்கேன்!" என்றது ஈப்போவில் கணீரென்று கேட்டது. பின்னால் சேவல் கூவியது கேட்டது. அவர் மனைவி செல்லாயி, "நாலு பேரு பாக்குறாங்க, மொதல்ல அந்தச் சட்டைய மாத்துங்க" என்று திட்டியதும் முப்பத்தெட்டுக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்தார் கலாதேவி. குறைந்த ஒன்றுக்குக் காரணமாக, அறிக்கையில் 'குறைகள்' என்ற கட்டத்தில் ஒரே வரி: 'யார் என்ன சொன்னாலும் அப்படியே போய்ச் சேர்கிறது.' தர்மேந்திரன் படித்துப் பார்த்து, கட்டம் மாறி விழுந்துவிட்டது என்று நினைத்து, அந்த வரியைத் தடித்த எழுத்தில் 'நிறைகள்' பக்கம் நகர்த்தினார். கலாதேவி பார்த்தார்.

புதிய தளத்தில் முதல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். சுவரில் பெரிய திரை. கட்டம் கட்டமாக முகங்கள். அமீரும் கார்த்திகேசுவும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வந்து விழுந்திருந்தார்கள். பெரட்டு முடிந்தது. டிசம்பரோடு விடைபெறும் கலாதேவிக்கு நன்றி என்று தர்மேந்திரன் அறிவித்தார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கைகள் தட்டின. கலாதேவி அந்தக் கைகள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்து மிளகாத்தூள்" என்றார் தலைவர்.

அமீர் தாடியைத் தடவினார். கார்த்திகேசு தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். அவ்வளவு தெளிவான மௌனத்தைப் பழைய போன்கள் தந்ததே இல்லை.

பிறகு கலாதேவியின் கைப்பேசி அதிர்ந்தது. அமீர். அதை எடுப்பதற்குள் மேசைப் போன் அலறியது. கார்த்திகேசு. திரையில் இருவருமே மைக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"எடு கலா" என்றார் தர்மேந்திரன் கூச்சமே இல்லாமல். "என்னன்னு கேட்டுச் சொல்லிரு."

இரண்டு கைகளும் பழக்கத்தில் மேலே போயின. இடது காதில் அமீர் ஆரம்பித்துவிட்டார்: "அந்த ஆள்கிட்ட சொல்லு..."

கலாதேவி கண்ணை மூடித் திறந்தார். கைப்பேசியை மேசையில் மல்லாத்திப் படுக்க வைத்தார். மேசைப் போனின் ரிசீவரைத் தலைகீழாகத் திருப்பி, இதன் வாய் அதன் காதில் படும்படி மேலே சாத்தினார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.