உரத்தில் கிடைத்த மோதிரமும் ஆனைக்கரைப் பயணமும்

குமுளிப் பக்கத்து ஆனைக்கரைக்கு எல்லாரும் ஏலக்காய்த் தோட்டம் பார்க்கப் போவார்கள். நான் போன மாதம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

கணவரின் வேலைக்காக அங்கே இருந்தபோது என் அரைப்பவுன் மோதிரம் காணாமல் போனது. எனக்குக் கடும் காய்ச்சல். வீட்டுக்குள் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு மல்லிகா மட்டும்தான். என் வாய் சும்மா இருக்குமா? "நீதான் எடுத்திருப்பே" என்று கேட்டேவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. சொந்த ஊரான கொல்லங்கோட்டுக்குத் திரும்பும்போது, வீட்டுக்குப் பின்னால் குழியில் காய்கறித் தோலும் தழையும் போட்டு மக்கவைத்த உரத்தை விட்டுவர மனமில்லை. நாலு மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினேன். ஒன்றரை வருடம் கழித்து, கத்தரிப் பாத்திக்காக அதைச் சலித்தால் சல்லடையில் மோதிரம்! காய்ச்சலில் இளைத்த விரலிலிருந்து, தோலைக் கொட்டும்போது நழுவியிருக்கிறது.

காலை 5.40க்குக் கொல்லங்கோட்டில் பஸ். பொள்ளாச்சி முப்பத்தைந்து கிலோமீட்டர். பழனி, தேனி என்று மாறி மாறிக் குமுளி சேர மதியம் இரண்டரை. தேனியிலேயே சாப்பிட்டுவிடுங்கள், நான் பயத்தில் சாப்பிடவில்லை. குமுளியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர், ஷேர் ஜீப்பில் ஐம்பது ரூபாய்.

"யாரு வீட்டுக்குக்கா?" என்றார் டிரைவர்.

"மல்லிகா ஊட்டுக்குங்க. அவசரமில்லீங்க, மெதுவாவே போங்க."

மல்லிகா வேலியோரம் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். மோதிரத்தை நீட்டினேன். "உரத்துல கெடந்துது கண்ணு. என்ர புத்தியச் செருப்பால அடிக்கோணும்."

"கெடைச்சிருச்சா!" என்று அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பிறகு சொன்னாள்: "கோவம் இருந்துச்சுக்கா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வண்டி ஏறின அன்னைக்கே அந்தக் குழிய நோண்டிப் பாத்தேன். தோல் கொட்டுறப்ப விழுந்திருக்குமோன்னு. கெடச்சா கொல்லங்கோட்டுக்கே வந்து குடுத்திருப்பேன். அடியில ரெண்டு கூடை மண்ணுதான் கெடந்துச்சு."

மீதி மண்ணைத்தான் நான் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டேனே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "எந்திரிங்க, மொதல்ல சாப்புடுங்க" என்று அதட்டிச் சோறு போட்டாள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்கு ஆறாது.

மாலை ஐந்துக்கு மேல் ஜீப் குறைவு. மறுநாள் கிளம்புவதுபோல் திட்டமிடுங்கள். வீட்டில் உரம் போடுகிறவர்கள், தோலைக் கொட்டுமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். எதையாவது காணோம் என்றால் முதலில் குழியைச் சலித்துப் பாருங்கள். நான் யாரைத் திருடி என்று சொன்னேனோ அவள் அதைத்தான் செய்தாள், நான் செய்யவில்லை.