விண்டர்கிரீன் என்பது என்ன வாசனை

பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் தலைவலித் தைலச் சீசாவைத் திறந்தார். கீரனூர் தாண்டியிருந்தது. வெளியே பாறை, கருவேலம், வெயில். உள்ளே, எனக்குள் எங்கோ, ஒரு ஸ்பிரிட் விளக்கு பற்றிக்கொண்டது. எட்டி முகர்ந்தேன். ஐம்பதை நெருங்குகிறவன் அடுத்தவர் நெற்றியை இப்படி முகரக் கூடாதுதான். அவர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கீரனூரிலிருந்து இதே சாலையில்தான் தினமும் புதுக்கோட்டைக்குப் போய் பி.எஸ்ஸி. படித்தேன். ஐம்பதுகளின் கடைசி. கரிம வேதியியல் செய்முறை வகுப்பில், பாதி வருஷம் ஓடிய பிறகு, என் மேசைக்கு ஒருவன் வந்து சேர்ந்தான். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அவனுடைய அப்பாவுக்கு, அவன் சொல்லில் அத்தாவுக்கு, பினாங்கில் ஜவுளிக்கடை, படிப்பெல்லாம் அங்கேதான். டாக்டருக்குப் படிக்க மதராஸ் மெடிக்கல் காலேஜில் விண்ணப்பம் கேட்டால், பினாங்குச் சான்றிதழில் கரிம வேதியியல் செய்முறை தனியாக இல்லை, இங்கே ஒரு கல்லூரியில் செய்து கையெழுத்தான ரெக்கார்டு நோட்டோடு வா என்று எழுதிவிட்டார்கள்.

"நாலு வருசம் கெமிஸ்ட்ரி படிச்சேன் மாப்ளே. இவுகளுக்கு அது கெமிஸ்ட்ரியே இல்லையாம்" என்றான் முதல் நாளே. மாமன் மச்சான் முறை வைத்து அழைக்க எங்கள் பக்கத்தில் ஒரு நாள் பழக்கம் போதும்.

பன்னிரண்டு சோதனைகள். பதினொன்றுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டான். பன்னிரண்டாவதுக்கு ஒரு வெள்ளைப் பொடி. பெயர் சொல்லாமல் கொடுப்பார்கள், அது என்னவென்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். பொடியோடு மெத்தில் ஆல்கஹாலும் இரண்டு சொட்டுக் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, பீக்கர் தண்ணீரில் ஊற்றினோம். எழும் வாசனையை வைத்துத்தான் பொடியை அடையாளம் சொல்ல வேண்டும். கையால் ஆவியை விசிறி மூக்குக்குக் கொண்டுவந்தான். நானும் குனிந்தேன்.

"அடடே, இது நம்ம சாருல்ல!" என்றேன்.

எங்கள் லெக்சரருக்கு மத்தியானமானால் தலைவலி. நெற்றி பளபளக்கத் தைலம் தடவியிருப்பார். வராந்தாவில் முதலில் தைலம் வரும், பின்னால் அவர் வருவார்.

அவன் சிரிக்கவில்லை. நோட்டை இழுத்து, 'தலைவலித் தைலத்தின் வாசனை' என்று இங்கிலீஷில் எழுதினான். மற்ற எல்லார் நோட்டிலும் 'விண்டர்கிரீன் எண்ணெயின் வாசனை' என்றுதான் இருந்தது. சீனியர் நோட்டைப் பார்த்து ஜூனியர் எழுதுவது எங்கள் வழக்கம். அந்த சீனியருக்கு அவருடைய சீனியர். யாரும் விண்டர்கிரீனை முகர்ந்ததில்லை, எழுதியிருந்தோம்.

லெக்சரர் படித்தார். கை தானாக நெற்றிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து நான் களுக்கென்று சிரித்துத் தொலைத்தேன்.

"என் நெத்தியப் பாத்து எழுதுனியா?"

"இல்ல சார், பீக்கரப் பாத்துத்தான்."

வரிசையே சிரித்தது. அவர் நோட்டை மூடினார். "கையெழுத்துக் கெடையாது. போ."

அன்று வியாழன். சனிக்கிழமைக்குள் நோட்டு மதராஸில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் சும்மா இருந்தால் அவனுடைய அத்தா கப்பலேற்றிக் கடைக்குக் கூட்டிக்கொள்வார்.

"ஒரு சொல்லு. மாத்தி எழுதிட்டுப் போயேன்" என்றேன்.

"மாத்துனா, கேலி பண்ணுனேன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும். அது கெடக்கட்டும், விண்டர்கிரீன்னா என்ன? எலையா, பூவா, மீனா?"

அதுதானே! நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன், கேட்கத் தோன்றவில்லை. லேப் அட்டெண்டரைக் கேட்டோம்.

"வெள்ளக்காரன் ஊரு வெத்தலையா இருக்குமுங்க. இத்தன வருசமா எல்லாரும் எழுதுறாக. ஒருத்தரும் கேட்டதில்ல."

கீழராஜ வீதியில் ஒரு மருந்துக் கடையிலும் கேட்டோம். கம்பவுண்டர் முட்டிவலிக்குத் தடவும் எண்ணெய் சீசா ஒன்றை எடுத்து வைத்தார். மூடியைத் திறந்ததும் பீக்கரில் வந்த அதே வாசனை. லேபிளில் எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்து: விண்டர்கிரீன் எண்ணெய். அவன் விரலால் அந்த வரியைத் தொட்டான், சுடுகிறதா என்று பார்ப்பவனைப் போல.

வெள்ளி காலை அந்தச் சீசாவோடு லெக்சரர் அறைக்குப் போனோம். நான்தான் முதலில் பேசினேன். "சார், சிரிச்சது நான். சாரு வாசனைன்னு சொன்னதும் நான்தான். இவன் எழுதுனது நெசம்."

அவர் சீசாவை வாங்கி முகர்ந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து தன் தைல டப்பாவை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டப்பாவின் அடியிலிருந்த எழுத்துகளைப் படித்தார்; அதிலும் விண்டர்கிரீன். அப்புறம் விறுவிறுவென்று லேபுக்குள் போய், பொடி, ஆல்கஹால், அமிலம், விளக்கு என்று தானே செய்தார். பீக்கர், சீசா, டப்பா. மறுபடி பீக்கர். அத்தனை ஆசையாக ஒருவர் முகர்ந்து நான் பார்த்ததில்லை.

"இங்கிட்டுப் பாத்தியா... நெத்தியிலேயே வச்சுக்கிட்டு, புஸ்தகத்துல தேடியிருக்கேன்."

நோட்டைக் கேட்டு வாங்கி, அவன் எழுதியதை அடிக்காமல், பக்கத்தில் சிவப்பு மையில் 'அதாவது விண்டர்கிரீன்' என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். செய்முறை முடித்ததாகச் சான்றிதழும் தந்தார். என்னைப் பார்த்து மட்டும், "ஒனக்கு இன்னைக்கு லேப் கெடையாது, வெளிய நில்லு" என்றார். நின்றேன். சந்தோஷமாகத்தான் நின்றேன்.

சாயங்காலம் திருச்சி பஸ்ஸில் சேர்ந்து ஏறினோம். அவனுக்குத் திருச்சியில் மதராஸ் ரயில். நோட்டைச் சட்டைக்குள், வயிற்றோடு வைத்திருந்தான். வழி முழுக்க ஒரே பேச்சு: அது செடியா, கொடியா, அதைப் பார்த்த ஒருவனாவது உலகத்தில் இருப்பானா. கீரனூரில் நான் இறங்கினேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். அவன் ஜன்னல் கம்பிக்கு வெளியே முகத்தை நீட்டினான்.

"எடம் கெடச்சா நான் கார்டு போடுறேன் மாப்ளே. அது என்ன எலைன்னு தெரிஞ்சா நீ போடு."

"மொதல்ல ஒன் கார்டு வரட்டும்!"

"யாரு மொதல்லன்னு பாப்போம். போய்ட்டு வாரேன்!"