கடலில் விட்ட ஆமை

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம், காஜா பேராங்கில் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் ஓர் ஆமை நுழைந்துவிட்டது.

"ஐயோ, குடும்பம் வெளங்காதுங்க! மொதல்ல கொண்டுபோயி எங்கயாச்சும் விட்டுட்டு வாங்க" என்று என் மனைவி கத்தினாள். புண்ணியம் செய்கிற நினைப்பில் உஜோங் பாசிர் கடற்கரை வரை சைக்கிள் மிதித்து, அதைக் கடலில் வீசிவிட்டு வந்தேன்.

மாலையில் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் அதைத் தேடி வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய செட்டிகள் அவர்கள்; கும்பிடுவது நம் சாமிதான், பேசுவது மலாய். நான் சொன்னதைக் கேட்டதும் கொதித்துப்போனார்.

"கடல்ல விட அது என்ன பென்யுவா? குரா-குரா! சேத்துக் குட்டையில வாழுறது. உப்புத்தண்ணியில செத்துப்போகும். எங்கப்பா சின்ன வயசுல கொண்டுவந்தது. ஜப்பான்காரன் காலத்துல பட்டினி கெடந்தப்பகூட நாங்க அதை அறுக்கல!"

கடலாமை பென்யு, குட்டை ஆமை குரா-குரா; அந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். தினமும் சந்தையில் மலாய் பேசுகிறவன்தான் நான். அடுப்படியில் மட்டும் இந்த முட்டாளுக்கு 'ஆமை' என்ற ஒரு சொல்தான் தோன்றியது.

திரும்பக் கடலுக்கு ஓடினேன். அலைதான் இருந்தது.

ஆமை நுழைந்தால் வீட்டுக்குக் கேடு என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. என் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நுழைந்த ஆமைக்குத்தான் கேடு வந்தது.