அத்தை கேட்ட கவிஞர் கதை

பள்ளிப் பேச்சுப் போட்டிக்காக, அடிமை முறையை எதிர்த்த ஓர் அமெரிக்கக் கவிஞரைப் பற்றி அப்பா எனக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அவர் திருச்சியில் கல்லூரி ஆசிரியர். எனக்கு அப்போது ஒன்பது வயது. கவிஞர் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொந்தமாக முடியாது என்று எழுதியதற்காகக் கல்லடி பட்டவர். அந்த இடம் வரும்போது மேசையைத் தட்ட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

நான் ஒப்பிப்பதைக் கேட்க வீட்டில் அத்தை மட்டுமே இருந்தாள். அப்பாவின் தங்கை. இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்து, வெள்ளைப் புடவையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். பள்ளி இறுதித் தேர்வில் தேறியவள். ஆசிரியப் பயிற்சிக்குப் போகட்டுமா என்று கேட்டபோது, "இங்க உனக்கு என்ன குறை?" என்று அப்பா முடித்துவிட்டார். கோயில் பூசைக்குத் தவிர அவள் எங்கும் போவதில்லை.

துணி அலசிக்கொண்டே ஓரிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள். கவிஞரின் பத்திரிகை அலுவலகத்துக்குக் கும்பல் தீ வைக்கிறது. அவர் பொய்முடி வைத்துக்கொண்டு, கும்பலோடு கும்பலாக நுழைந்து தன் காகிதங்களை எடுத்து வருகிறார்.

"யாருமே கண்டுபிடிக்கலியா?"

"இல்லத்தே. வேற ஆளு மாதிரி இருந்தாராம்."

"பயந்திருப்பாருல்ல?"

அது அப்பாவின் நான்கு பக்கத்தில் இல்லை.

போட்டிக்கு முதல் நாள் என் காதருகே வந்து, "அம்மாவோட பச்சைப் புடவைய எடுத்துத் தரியா கண்ணு? யார்ட்டயும் சொல்லாத" என்றாள். அம்மா பார்க்காத நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். மாறுவேடத்தில் என் பேச்சைக் கேட்க வரப்போகிறாள் என்று நினைத்துச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிரவு சரியாகத் தூங்கவும் இல்லை.

மேடையில் ஏறியதும் பச்சைப் புடவையைத்தான் தேடினேன். முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் வார்த்தை தடுமாறியது. தீ வைத்த இடத்தில் எல்லாமே மறந்துபோய், அழுதுகொண்டே இறங்கினேன்.

வீட்டில் வெள்ளைப் புடவை மடித்து வைத்திருந்தது. பெட்டியில் அவளுடைய சான்றிதழ் இல்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு ஓடினார். இருட்டிய பிறகு தனியாகத் திரும்பினார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. மதுரையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு வெளியே போனார்.

கடிதத்தின் அடியில் எனக்கும் ஒரு வரி இருந்தது: "நீ நல்லா பேசினியா கண்ணு?" நான் பதில் எழுதவில்லை. வருகிறேன் என்று அவள் என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை என்பதுகூட அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை.