விமானம் போகும்வரை

திண்டுக்கல்லில் வேலை பார்த்த, தோல் பதனிடும் தோல்ஷாப்பை மூடியதும், எண்பத்து மூன்றாம் வருஷம் சவுரிமுத்துவும் அவன் மனைவி செசிலியும் பொழிச்சலூருக்குக் குடிவந்தார்கள். பக்கத்துப் பம்மலில் அவனுக்கு அதே தோல்ஷாப்பு வேலை. தோல் ஊறும் பெரிய மர டிரம்கள் அங்கே நாள் முழுக்கத் தடதடவென்று உருளும். வீட்டுக்கு வந்தால் மனுஷன் உம்மணாமூஞ்சி.

விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால், வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறக்கும். அது போகும்வரை தெருவே பேச்சை நிறுத்திக் காத்திருக்கும். செசிலி மட்டும் காத்திருக்க மாட்டாள். அதுவரை "என்னங்க, சாப்பிட வாங்க" என்றவள், சத்தம் உச்சத்துக்கு வந்ததும் அவன் முகத்துக்கு நேராகவே, "வாடா முசுடு, வந்து கொட்டிக்கோ" என்பாள். நாறும் சட்டை, மாமியார், வாங்கித் தராத மிக்சி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவன் பாட்டுக்குச் சோற்றை மென்றுகொண்டிருப்பான். அவளுக்கு மனசு லேசாகிவிடும்.

ஒருமுறை அவன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். கஞ்சி ஊட்டும்போது விமானம் வந்தது. "நீ இல்லாம இந்த ஊர்ல எனக்கு யாருடா இருக்கா?" என்றாள்.

சத்தம் அடங்கியது. "அழாத. நான் எங்கயும் போயிட மாட்டேன்" என்றான் சவுரிமுத்து.

கரண்டி பாதியில் நின்றது. "கேட்டுச்சா?"

"டிரம் பக்கத்துல நின்னா யாருக்கு என்ன கேக்கும்? அங்க எல்லாரும் உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம்."

"அப்ப, இத்தனை வருஷமா...?"

"எங்க அம்மாவ மட்டும் கொஞ்சம் குறைச்சுத் திட்டியிருக்கலாம்."

அடுத்த விமானம் வந்தது. செசிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திட்டினாள்.