ரோட்டில் நடந்த பூசை

எங்கள் ஃபாதர் செத்துப்போன செய்தி வந்தபோது நான் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இறாலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். சாமியார்களுக்கு 'இறைவனடி சேர்ந்தார்' என்று மரியாதையாக எழுதவேண்டும் என்று தெரியும். எனக்கு வரவில்லை. நல்லது செய்த மனுஷனை ஊரைவிட்டே அனுப்பி, எங்கேயோ நோயோடு கிடக்கவிட்டுவிட்டு, இப்போது என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

போனை வைத்ததும் கூடையைப் பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டு என் தம்பியைத் தேடிப் போனேன். படகில் வலை உதறிக்கொண்டிருந்தான்.

"டேய், ஃபாதர் போயிட்டாருடா."

வலையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனைக்கும் என் தம்பி ஃபாதருடைய கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. சபைக்காரன்.

எங்கள் குப்பத்தில் கிறிஸ்தவ வீடுகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் இரண்டாகக் கிடந்தது. இந்தப் பக்கம் மாதா கோயில், அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் சபை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்த்து அலறும். பக்கத்து வீட்டு அம்மா கங்கையம்மனைக் கும்பிடுகிறவள். "ஏம்மா, உங்க சாமி ஒண்ணுதானே? அவருக்குக் காது நல்லாத்தானே கேக்கும்? இன்னாத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னு இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்பாள். நான் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

தம்பியும் மாதா கோயிலில் வளர்ந்தவன்தான். அவன் பிள்ளைக்கு ஒருமுறை காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். சபை பாஸ்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் விழுந்தார். ராத்திரி முழுக்க எழுந்திருக்கவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. தம்பி ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஞானஸ்நானம் வாங்கினான். ஊர் கேட்க ஒரு பொருத்தனையும் செய்தான்: என் பிள்ளை உயிரோடு இருக்கிறவரை விக்கிரகம் இருக்கிற வாசலை மிதிக்கமாட்டேன். வீட்டுச் சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றினான். அம்மா படத்தைப் புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

படத்தை என் வீட்டில் மாட்டியதால் என் வாசலையும் அவன் மிதிப்பதில்லை. ஆனால் தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்களே, மடவை மீன் பட்ட நாளெல்லாம் என் வேலிப்படலில் ஒரு மீன் கோத்துத் தொங்கும். அம்மா அதைக் குழம்பு வைத்துத் தின்பாள். யார் கொண்டுவந்தது என்று கேட்கமாட்டாள். தலையை மட்டும் எனக்குக் கொடுக்காமல் அவளே வைத்துக்கொள்வாள்.

அந்த நேரத்தில்தான் ஃபாதர் வந்தார். ஒல்லியான ஆள், தெற்கத்திப் பேச்சு. வந்த கொஞ்ச நாளிலேயே எங்கள் ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே வைத்தார். எங்கள் ஆட்களுக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. அது போதாது என்று அடுத்த ஞாயிறு சாயங்காலம் செருப்பை வெளியே விட்டுவிட்டு, தகரக் கொட்டகையில் கடைசிப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டார். பாஸ்டர் அவரைப் பார்த்ததும் விக்கிரக ஆராதனையைக் கிழிகிழி என்று கிழித்தாராம். ஃபாதர் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு, "நல்லா பேசுனீங்க பாஸ்டர். தொண்டைதான் கட்டியிருக்கு. சுக்கு போட்டு வெந்நீர் குடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். மறுநாள் பாஸ்டரைத் தேடி அவரே சுக்குப் பொட்டலத்தோடு போனார். அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு ஏரிக்கரையில் சாயங்காலத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடப்பார்கள். சண்டைதான் போடுவார்கள், வேதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு. ஆனால் சேர்ந்து நடப்பார்கள்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், இனி எழுந்திருக்கமாட்டாள் என்று தெரிந்தபோது, ஃபாதரைக் கூப்பிட்டு இரண்டு ஆசை சொன்னாள்.

"என் பெட்டியை என் புள்ளைதான் தூக்கணும் சாமி. பூசை வைக்காம என்னைப் பொதைக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, அவன்தான் கோயில் வாசலை மிதிக்கமாட்டானே. ரெண்டும் எப்படிம்மா நடக்கும்?" என்றேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஃபாதர், "பார்த்துக்கலாம்மா, தூங்குங்க" என்றார்.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பாஸ்டர் உங்க சிநேகிதர்தானே ஃபாதர். அவர் சொன்னா இவன் கேப்பான். அந்தப் பொருத்தனையை விடச் சொல்லுங்க."

"புள்ளை உசுருக்காகப் பண்ணது. அதை உடைக்கச் சொல்ல நான் யாரும்மா?" என்றார்.

அம்மா போன அன்று தம்பி வந்தான். மாதா படம் இருப்பதால் உள்ளே வராமல் வேலியோரம் நின்றான். பெட்டி வெளியே வந்ததும் துண்டை நாலாக மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டு, தலைமாட்டில் தோள் கொடுத்தான். எங்கள் பக்கம் பெட்டி தூக்குகிறவர்கள் அப்படித்தான் துண்டு போடுவார்கள், மரம் தோளை அறுக்காமல் இருக்க. கோயில் கேட்வரை ஒழுங்காக வந்தான். கேட்டுக்கு நேரே நின்றான். அவன் நின்றதும் பெட்டியும் நின்றது.

"வேற ஆள் தோள் குடுங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள். தம்பி தோளை விடவும் இல்லை, காலை எடுத்து வைக்கவும் இல்லை. 

"பெத்தவளைவிட உனக்கு அந்தப் பொருத்தனை பெருசாப் பூட்ச்சாடா? பாவி! கடைசியா கேட்டா, அதுகூட உன்னால முடியாதா?" என்று தலைவிரிகோலமாகக் கத்தினேன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் பெட்டியில்.

உள்ளே பீடத்தில் பூசை உடுப்போடு காத்திருந்த ஃபாதர் இறங்கி வந்தார். தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் திரும்பி, "மேசையைத் தூக்கிட்டு வாங்க" என்றார்.

"எங்க சாமி?"

"இங்கதான். ரோட்டுக்கு."

ரோட்டில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, என் அம்மாவுக்குப் பூசை நடந்தது. ஏரிக்காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. கோயில்பிள்ளை கொளுத்திக் கொளுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பஸ் வந்து நின்று, டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பக்கத்து வீட்டு கங்கையம்மன் பக்தை மேசையில் இருந்த அப்பத்துக்கும் திராட்சை ரசத்துக்கும் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி தலைமாட்டை விட்டு நகரவில்லை. எதிர்ச்சாரியில், எங்களோடு சேராமலும் வீட்டுக்குப் போகாமலும், பாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூசை முடிந்ததும் ஏரியோரக் கல்லறைவரை தம்பி தோள் மாற்றாமல் தூக்கிவந்தான். அம்மா கேட்ட இரண்டும் அவளுக்குக் கிடைத்தது.

அதற்கு ஃபாதர் கொடுத்த விலைதான் பெரிது. கோயிலை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் பூசையா, மாதாவுக்கே அவமானம் இல்லையா, இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவானுங்க என்று எங்கள் ஆட்களே மேலிடத்துக்குப் புகார் கொண்டுபோனார்கள். சபைப் பெரியவர்களும் சும்மா விடவில்லை. பூசையில் நின்றவன் என்று தம்பியைக் கொஞ்சகாலம், சபையில் அப்பம் பிட்டுக் கொடுக்கிற இராப்போஜனத்தில் சேர்க்கவில்லை. பாஸ்டர் மல்லுக்கட்டித்தான் திரும்பச் சேர்த்தார். ஃபாதருக்காக மல்லுக்கட்ட ஒரு நாதி இல்லை. நானும் இன்னும் சில பெண்களும் போய் அழுது பார்த்தோம். பெண்கள் பேச்சு எந்தச் சந்தையில் விலைபோனது? மாற்றல் வந்தது.

பஸ் ஏறும்போது கருவாட்டுப் பொட்டலத்தைக் கையில் திணித்தேன். "தம்பிகூட சண்டை போடாதீங்கம்மா" என்றார்.

"அது எப்படி ஃபாதர், அவன் என் தம்பி" என்றேன்.

சிரித்தார். "சரி, சண்டை போடுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

அதன்பிறகு நானும் தம்பியும் பேசாமல் இருந்ததே இல்லை. தினமும் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று சண்டை போடுகிறோம்.

ஃபாதர் அடக்கத்துக்கு வேன் பிடித்துப் போனோம். தம்பி விடியும் முன்பே வந்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். துண்டை நாலாக மடித்து வலது தோளில் போட்டிருந்தான்.  "ஃபாதருங்க பெட்டியை ஃபாதருங்கதாண்டா தூக்குவாங்க. நமக்குக் குடுக்கமாட்டாங்க" என்றேன். "அக்கா, கம்முனு இரு" என்றான்.

பட்டணத்துப் பெரிய கோயில். பெட்டி ஏற்கெனவே உள்ளே இருந்தது. கேட்டுக்கு வெளியே பாஸ்டர் தனியாக நின்றுகொண்டிருந்தார், எங்களுக்கு முன்பே பஸ் பிடித்து வந்திருக்கிறார். எங்களைப் பார்த்து, "ஸ்தோத்திரம்மா" என்றார். கொஞ்சநேரம் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நடந்து போனார். கதவு திறந்திருந்தது. கடைசி பெஞ்சில் அவர் உட்காருவது தெரிந்தது.

நான் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தேன். "பாஸ்டரே உள்ள போயிட்டாருடா. வா."

அவன் அசையவில்லை.

"இன்னிக்கு நான் உள்ள போவ முடியும்னா, அன்னிக்கு அம்மாவுக்காகவும் போயிருக்கலாமேக்கா. போயிருந்தா அவரை ஊரைவிட்டு அனுப்பியிருக்க மாட்டாங்களே" என்றான். "இப்போ போனா அவர் பட்டதெல்லாம் இன்னாத்துக்குனு ஆயிடும்."

  உள்ளே பாட்டு ஆரம்பித்தது. வேனில் வந்த மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் போகவில்லை, அவன் பக்கத்திலேயே நின்றேன். இவனுக்காக மேசையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்த ஒரே ஆள் உள்ளே பெட்டியில் இருந்தார். வேறு யார் வரப்போகிறார்கள்?

சாமியார்களின் கல்லறை கோயிலுக்குப் பின்பக்கம். பூசை முடிந்து பெட்டியை அந்த வழியாகவே கொண்டுபோய்விட்டார்கள். மணிச்சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்டது. நான் அழுதேன், அவனும் அழுதான். ஊர் திரும்பி வேனைவிட்டு இறங்குகிறவரை அந்தத் துண்டு மடித்தது மடித்தபடி அவன் தோளில் இருந்தது.