கால் சிஸ்டரின் கால்

கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிற அந்த நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் எல்லோரும் வைத்த பெயர் கால் சிஸ்டர். "நீ கால் சிஸ்டர்னா, மீதி முக்கால் எங்கே?" என்று அவள் வீட்டுக்காரர் சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டுவிட்டு, முதல் ஆளாகத் தானே சிரிப்பார்.

இரண்டு கட்டில், ஒரு தொட்டி, சுவரோரம் கட்டுத்துணிச் சுருள்கள். அவ்வளவுதான் அறை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நரம்பு புடைத்து, ரத்தம் மேலே ஏறாமல் கணுக்காலில் தேங்கி, தோல் கறுத்து, புண் மாதக்கணக்கில் மூடாமல் கிடக்கும். மற்றவர்களுக்கு ரத்தம் கீழேயே இறங்காது, விரல் சில்லிட்டுப்போயிருக்கும். இறுக்கிக் கட்டினால் ஆறுகிற காலும் உண்டு, இறுக்கினால் அழுகிப்போகிற காலும் உண்டு. அது எந்தக் கால் என்று தெரியாமல் அவள் சுருளைக் கையால் தொடமாட்டாள்.

ஒரு சலூன்காரர் முதல் தடவை வந்தபோது அவருடைய இடது கணுக்காலில், உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்குப் புண். மூன்று வருஷமாகப் போடாத களிம்பு பாக்கியில்லை. பாதத்தில் பசை தடவி, பேனா மாதிரி ஒரு கருவியை வைத்தாள். வுஸ், வுஸ் என்று சத்தம் கேட்டது.

"என்ன சிஸ்டர், பாதத்துல ரயில் ஓடுது?"

"உங்க ரத்தம்தான் அண்ணே. கீழ இறங்கிப் போறதுல குறையே இல்ல. திரும்பி மேல வரத்தான் அதுக்குச் சோம்பேறித்தனம்."

கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்துப் பார்த்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. இறுக்கிக் கட்டலாம் என்று டாக்டரும் சொன்னார். புண்ணைக் கழுவி, பஞ்சுச் சுருளை முதலில் சுற்றி, அதன்மேல் விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை கட்டினாள். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப் போகக் கொஞ்சம் தளர்வு. "வீட்ல அவிழ்க்கக் கூடாது. விரல் மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ உடனே இங்க வந்துடணும்" என்றாள்.

ஒவ்வொரு வாரமும் கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் ஓரம் வரைந்து எடுப்பது வழக்கம். நான்கு வாரத்துத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். கோடு இம்மியும் நகரவில்லை. கட்டும் ஒவ்வொரு தடவையும் தளர்ந்தே வந்தது.

"அண்ணே, இது தானா அவிழ்ந்த கட்டு இல்ல. கத்திரி பட்டிருக்கு. அதுவும் கைதேர்ந்த கத்திரி."

சலூன்காரர் கூரையைப் பார்த்தார். "சாயங்காலம் ஆனா கால் வீங்கி உயிர் போகுது சிஸ்டர். செருப்பும் நுழைய மாட்டேங்குது. கத்திரி கையிலேயே இருக்கு. என்ன பண்றது?"

அவளுக்கு முணுக்கென்று கோபம் வந்தது. ஆனால் காலையில் சரியாக இருக்கிற கட்டு சாயங்காலம் ஏன் வலிக்கிறது என்று யோசித்தாள். திட்டவில்லை.

அடுத்த லீவு நாளில் வீட்டுக்காரரைக் கிளப்பினாள். "வாங்க, முடி வெட்டிக்கிட்டு வரலாம்."

அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். காதோரம் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான் இருந்தது. "இதுல வெட்ட என்ன இருக்கு?"

"இருக்கிறதை வெட்டட்டும்."

சலூனில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். சலூன்காரர் நாற்காலியின் ஒரே பக்கத்தில், ஒரே காலில் பாரத்தைப் போட்டு, வேர்விட்ட மாதிரி நின்றார். சக்கரம் வைத்த முக்காலி ஒன்று மூலையில் இருந்தது. அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது.

வீட்டுக்காரரின் முறை வந்ததும் பேப்பரை இறக்கிவைத்துவிட்டு முக்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

"உட்கார்ந்து வெட்டுங்க அண்ணே."

"கை எட்டாது சிஸ்டர்."

"நாற்காலியை இறக்குங்க. இவர் தலையில தப்பு நடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது."

கடையே சிரித்தது. சலூன்காரர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். முதலில் கை தடுமாறி, இடது காதோரம் கொஞ்சம் கூடுதலாகப் போனது. பிறகு முக்காலியை ஒரு சுற்று உருட்டி, பின்கழுத்தை ஒரே இழுப்பில் முடித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆள் மாறும்போதெல்லாம் குதிகாலை இருபது தடவை தூக்கி இறக்கவும், மதியம் படுத்துக் காலை நெஞ்சுக்கு மேல் உயரமாகத் தலையணையில் வைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். கட்டோடு நுழைகிற மாதிரி பட்டி வைத்த செருப்பு ஒன்றும் வாங்கச் சொன்னாள். அதன்பின் கத்திரி கட்டுப் பக்கம் போகவில்லை. தாளில் கோடு சுருங்கத் தொடங்கியது.

புண் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்திருந்த நாளில் சலூன்காரர் சொன்னார்: "சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்குக் கடைக்கு வந்தப்போ கண்ணாடியில பார்த்தேன். ஒரு பாதத்தால இன்னொரு கெண்டைக்காலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்க. இப்பவும் அதையேதான் செய்றீங்க. எனக்குப் புண் வர்றதுக்கு முன்னாடி இதே அரிப்புதான்."

"வேலை அலுப்பு அண்ணே" என்றாள். ஆனால் முகம் சிவந்துவிட்டது. இரண்டு வருஷமாக அந்தக் காலில் நரம்பு புடைத்திருந்தது. காலுறையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துக் கட்டில் காலியாத்தானே இருக்கு?" என்றார் சலூன்காரர்.

கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஏற்கெனவே பசை டப்பாவை எடுத்துவிட்டாள். கால் சிஸ்டர் வேறு வழியில்லாமல் ஏறிப் படுத்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கட்டிலிலிருந்து கூரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒட்டடை இருந்தது. அவள் காலிலும் ரத்தம் இறங்குவதில் குறையில்லை, ஏறுவதில்தான் சுணக்கம். டாக்டர் பார்த்துவிட்டு இறுக்கமான நீளக் காலுறை எழுதிக்கொடுத்தார். அதை முதல் நாள் மாட்டுவதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. "இந்தக் கண்றாவியையா இத்தனை பேரை மாட்டவெச்சேன்?" என்று வீட்டில் புலம்பினாள்.

பதினாலாவது வாரம் சலூன்காரரின் புண் மூடிக்கொண்டது. இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். இனி அவருக்கும் காலுறைதான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, எப்படிச் சுருட்டி மாட்டினால் சீக்கிரம் ஏறும் என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே காத்திருந்த ஓட்டல் சமையல்காரர் கதவைத் தட்டி, "என் கால் இருக்கிறது ஞாபகம் இருக்கா சிஸ்டர்?" என்றார்.